அறுபத்தொரு வீட்டு விருந்தாளி

சாரி-ஜோன் என்ற மலையூரின் கால்நடைக் கல்லூரியில், மூன்றாம் எண் வகுப்பறையில் கனிஷாய் தன்னந்தனியாக உட்கார்ந்து வருகைப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்லாந்திலிருந்து வந்த மாணவன் ஏலிஸின் பெயருக்கு நேரே இருபத்திரண்டு கட்டங்கள். இருபத்திரண்டும் வெள்ளை வெளேரென்று கிடந்தன. ஜன்னலுக்கு வெளியே விழுந்துகொண்டிருந்த முதல் பனிகூட அவ்வளவு வெள்ளை இல்லை.

பின்லாந்துக் கல்லூரியோடு போட்ட மாணவர் பரிமாற்ற ஒப்பந்தத்தின் விதி எளிமையானது. அங்கிருந்து ஒருவர் இங்கே வந்து படித்தால், இங்கிருந்து ஒருவர் அங்கே போய்ப் படிக்கலாம். வந்தவர் சும்மா வந்தால் போதாது. அக்டோபர் முடிவதற்குள் நாற்பத்தைந்து மணி நேரமாவது வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காரவில்லையென்றால் பரிமாற்றம் ரத்து. ஜனவரியில் போக வேண்டியவள் வீட்டிலேயே இருக்க வேண்டியதுதான்.

போக வேண்டியவள் கனிஷாய்.

போன வருடம் அங்கிருந்து வர ஆள் கிடைக்கவில்லை. அதற்கு முந்தைய வருடம் வருவதாக இருந்த பெண் கிளம்பும் முன் காலை உடைத்துக்கொண்டாள். இந்த வருடத்தோடு கனிஷாயின் படிப்பு முடிகிறது. ஆறு வருடத்துக்கு முன், வசந்தம் பிந்தி வந்ததில் தீவனம் தீர்ந்து, அவளுடைய அப்பாவின் மந்தையில் பாதி செத்துப்போயிற்று. வெயிலே எட்டிப் பார்க்காத நாட்டில் மாட்டுக்குப் புல் எப்படி வளர்க்கிறார்கள் என்று பார்த்துவிட வேண்டும் என்ற வெறி அன்று பிடித்தது, இன்னும் விடவில்லை. அந்த வித்தை இருந்த இடத்துக்கும் அவளுக்கும் நடுவே இப்போது நின்றது ஒரே ஒரு தடை: ஏலிஸைச் சாப்பாட்டிலிருந்து எழுப்புவது.

தப்பு முதல் நாளே நடந்துவிட்டது. நகரத்திலிருந்து ஏலிஸை ஏற்றிவந்த வேன் ஓட்டுநர் மம்பெத், கல்லூரி விடுதிக்குப் போகும் வழியில் தன் வீடு இருப்பதைக் கவனித்தார். தூரதேசத்திலிருந்து வந்த பையனைத் தன் வாசலைத் தாண்டிக் கொண்டுபோனால் ஊர் என்ன சொல்லும்? ஓர் ஆட்டை அறுத்தார். மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர், மம்பெத் வீட்டில் கைநனைத்த பையன் தன் வீட்டில் நனைக்காவிட்டால் அது பகைக்கு அறிகுறி என்றார். அவரும் ஓர் ஆட்டை அறுத்தார். மூன்றாம் நாள் எதிர்வீடு. நான்காம் நாள் தெருவே வரிசையில் நின்றது. அடிதடி வராமல் இருக்க, கல்லூரி முதல்வர் எசென்கான் தாமே முன்வந்து ஒரு பட்டியல் போட்டார். மொத்தம் அறுபத்தொரு வீடு, ஒரு வீட்டுக்கு ஒரு நாள். பட்டியல் எல்லோர் கண்ணிலும் பட வேண்டும் என்பதற்காக, அறிவிப்புப் பலகையிலிருந்த வகுப்பு அட்டவணையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அதை ஒட்டினார்.

படித்த விருந்தாளிக்குப் படித்தவர்கள்தான் துணை இருக்க வேண்டும் என்று ஆசிரியர்கள் ஐந்து பேரையும் எல்லா வீட்டுக்கும் அழைத்தார்கள். ஆசிரியர்கள் போன இடத்துக்குத் தண்ணீர் சுமக்கவும், தட்டுக் கழுவவும், தேநீர் ஊற்றவும் மாணவர்கள் போனார்கள். ஆக, வெளிநாட்டு மாணவன் படிக்க வந்த நாளிலிருந்து கல்லூரியில் யாரும் படிக்கவில்லை.

கனிஷாய் பதிவேட்டை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இருபத்திரண்டாம் எண் வீட்டுக்குப் போனாள். எசென்கான் வாசலில் கோட்டுப் பொத்தானைக் கழற்றி வயிற்றுக்குக் காற்று வாங்கிக்கொண்டிருந்தார். அவள் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் சுருங்கியது, ஏதோ அவள் கெட்ட வார்த்தை பேசிவிட்ட மாதிரி.

"விருந்தாளி வந்து மூணு நாள் ஆகிறதுக்கு முன்னால, எதுக்கு வந்தீங்கன்னு கேக்கலாமா? நீயே சொல்லும்மா."

"அவன் வந்து இருபத்திரண்டு நாளாச்சு, பைகே." வயதில் மூத்த ஆண்களை அந்த ஊரில் பைகே என்றுதான் கூப்பிட வேண்டும், எவ்வளவு கோபம் இருந்தாலும்.

"ஊருக்கு வந்து இருபத்திரண்டு நாள். இந்த வீட்டுக்கு வந்து ஒரு நாள்தானே?"

கனிஷாய் கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஒரு வீட்டில் ஒரு நாள். மறுநாள் அடுத்த வீடு, அங்கே மறுபடி முதல் நாள். மூன்றாம் நாள் என்பது எந்த வீட்டிலும் வரப்போவதில்லை. ஏலிஸ் எதற்கு வந்தான் என்று கேட்கக்கூடிய நாள் சாரி-ஜோனின் காலண்டரிலேயே கிடையாது. இதை அவரிடம் சொன்னாள். எசென்கான் அவளுக்குக் கணக்கு நன்றாக வருகிறது என்று பாராட்டிவிட்டு உள்ளே போனார்.

சரி, ஆளிடமே பேசிவிடலாம் என்று நினைத்தாள். ஆனால் ஏலிஸ் வாசலுக்கு எதிரே, மெத்தைகள் அடுக்கிய மேலிடத்தில், இருபுறமும் பெரியவர்கள் நெருக்க உட்கார்ந்திருந்தான். அவனை நெருங்க ஒரே வழி, சாப்பாட்டுக்கு முன் கை கழுவத் தண்ணீர் ஊற்றுவது. ஊற்றிக்கொண்டிருந்த பையனிடமிருந்து செம்பைப் பிடுங்கிக்கொண்டு அவன் முன்னால் போய் மண்டியிட்டாள். நூல் மாதிரி ஒழுகவிட்டால் ஒன்றரை நிமிடம் பேசலாம்.

"ஏலிஸ், நீ இன்னும் ஒரு வகுப்புக்கும் வரல."

அவன் நெடுநெடுவென்று வளர்ந்த, வாயைத் திறக்காத பையன். சட்டைப் பொத்தான்கள் வயிற்றில் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தன. அரைகுறை ரஷ்ய மொழியில் மெதுவாகக் கேட்டான்:

"இது வகுப்பு இல்லையா?"

இதைத்தான் களப்பயிற்சி என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தானாம். சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்துக் காட்டினான். இருபத்தொரு பக்கம். ஒவ்வொரு நாளும் தன் தட்டில் விழுந்த எலும்பை அளவோடு வரைந்து, எந்த வீடு, ஆட்டுக்கு என்ன வயது என்று குறித்து வைத்திருந்தான். வாத்தியார்கள் எங்கே என்று கேட்டான். அவனுக்கு வலப்புறமும் இடப்புறமும் உட்கார்ந்து கொழுப்பு நறுக்கிக்கொண்டிருப்பவர்கள்தான் வாத்தியார்கள் என்று அவள் சொன்னாள். அவன் இருவரையும் புது மரியாதையோடு திரும்பிப் பார்த்தான்.

"போதும்னு சொல்லக் கூடாதா நீ?"

"தட்டைக் காலி பண்ணா போதும்னு அர்த்தம். எங்க ஊர்ல அப்படித்தான். தினம் காலி பண்றேன். அவங்க மறுபடி போடுறாங்க."

செம்பில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. கனிஷாய்க்கு மண்டைக்குள் விளக்கு எரிந்தது. காலித் தட்டைக் கண்டால் சாரி-ஜோனில் பசி என்று பொருள். பேசாமல் இருந்தால் மனக்குறை என்று பொருள். இவனோ தட்டையும் காலி செய்கிறான், பேசவும் மாட்டான். பாவம், ஊர் இருபத்திரண்டு நாளாக இவனைத் திருப்திப்படுத்தப் போராடிக்கொண்டிருக்கிறது.

இனி நல்ல வார்த்தை பலிக்காது. மறுநாள் அவள் யாரும் செய்யத் துணியாததைச் செய்தாள்.

அந்த ஊரில் தேநீரை அரைக் கோப்பைக்கு மேல் ஊற்ற மாட்டார்கள். கொஞ்சமாக ஊற்றினால், நீ கேட்டுக்கொண்டே இரு, நான் ஊற்றிக்கொண்டே இருக்கிறேன், இங்கேயே இரு என்று பொருள். விளிம்பு வரை ஊற்றிக் கொடுத்தால், இதைக் குடித்துவிட்டு நடையைக் கட்டு என்று பொருள். வாயால் சொல்லக் கூடாததைக் கோப்பையால் சொல்வது. அதையும் யாரும் சொல்வதில்லை. கடைசியாக ஒருத்தி தன் கொழுந்தனுக்கு அப்படி ஊற்றியது முப்பது வருடத்துக்கு முன்னால்; அவன் அன்றைக்கே கணவாயைத் தாண்டிப் போனவன், தாயின் சாவுக்குக்கூடத் திரும்பவில்லை.

இருபத்துமூன்றாம் வீடு ஜுமாகுலுடையது. சாரி-ஜோனில் அவள் விருந்துக்கு நிகர் கிடையாது, அவள் நாக்குக்கும் நிகர் கிடையாது. குழாய் வைத்த தேநீர்ப் பாத்திரமான சமோவாரின் பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் ஊற்றும் வேலையைக் கனிஷாய் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஏலிஸின் கோப்பை கைமாறி வந்தது. அவள் குழாயைத் திறந்தாள். அரை வந்தது. முக்கால் வந்தது. மூடவில்லை. தேநீர் விளிம்பில் மேடாகக் குமிழ்ந்து நின்றபோதுதான் மூடினாள்.

கோப்பையை வாங்கிக் கடத்த வேண்டிய பெண் அதைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். கனிஷாயே எழுந்து கொண்டுபோய் ஏலிஸின் முன்னால் வைத்தாள். முதலில் தீவனப் பயிர் வாத்தியார் ஷாம்ஷி வாயிலிருந்த எலும்பை எடுத்தார். பிறகு ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். ஜுமாகுலின் முகம் சாம்பலாகிவிட்டது.

ஏலிஸ் கோப்பையைப் பார்த்தான். இருபத்துமூன்று நாளில் முதல் தடவையாக அவன் முகத்தில் சிரிப்பு வந்தது. இரண்டு கையாலும் எடுத்து, கண்ணை மூடி, ஒரே மூச்சில் குடித்தான். குடித்துவிட்டு, இன்னொன்று வேண்டும் என்று கோப்பையை நீட்டினான்.

கனிஷாய் மறுபடி விளிம்பு வரை ஊற்றினாள். வேறென்ன செய்வது? அவன் அதையும் குடித்துவிட்டு நீட்டினான். போ, போ, போ என்று ஊர் சரித்திரத்திலேயே யாரும் வாங்காத அவமானத்தை அடுத்தடுத்து ஐந்து தடவை வாங்கிக் குடித்துவிட்டு, காலை நீட்டி இன்னும் வசதியாகச் சாய்ந்துகொண்டான். அதன் பொருளை அவனுக்கு யாரும் விளக்கவில்லை. விளக்கினால் அவமானம் நடந்தது என்று ஒத்துக்கொண்டதாகிவிடும்.

ஜுமாகுல் எழுந்தாள். தன் வீட்டில் விருந்தாளிக்குக் குறை நடந்துவிட்டது, இதை ஆட்டால் கழுவ முடியாது, குதிரை அறுக்கிறேன், வெள்ளிக்கிழமை ஊரே வரணும் என்றாள். பட்டியலில் ஒரு நாள் கூடியது. பிறகு கனிஷாயின் பக்கம் திரும்பினாள்.

"உன்னை அந்த நாட்டுக்கு அனுப்பினா, அங்கயும் போய் யார் வீட்டையாவது இப்படித்தான் கவுப்பே."

எசென்கானும் அதையே கொஞ்சம் பதமாகச் சொன்னார். கல்லூரியின் பெயரை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக இன்னும் நிதானமான யாரையாவது பார்க்கலாமோ என்று யோசிப்பதாகச் சொன்னார். கனிஷாய் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தாள். வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளில் தன்னுடையதைத் தேடக்கூடக் கண் தெரியவில்லை.

மறுநாள், இடி மேல் இடியாகப் பின்லாந்திலிருந்து கடிதம் வந்தது. பரிமாற்றத்தைக் கவனிக்கும் டூலிக்கி என்ற அம்மாள் எழுதியிருந்தாள். ஏலிஸ் வகுப்பில் இருப்பதைத் தன் கண்ணால் பார்க்க விரும்புகிறாளாம். வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கணினித் திரையில் வருவாளாம். வகுப்பு நடக்கவில்லையென்றால் அன்றோடு ஒப்பந்தம் முடிந்தது.

வெள்ளிக்கிழமை குதிரை. குதிரையைத் தள்ளிப்போட முடியாது, கத்தி தீட்டியாகிவிட்டது.

கனிஷாய் அன்று முழுக்க அழுதாள். வியாழக்கிழமை காலை அழுகை வறண்டதும் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தாள். வகுப்புக்கு என்ன வேண்டும்? வாத்தியார் ஐந்து பேர். எல்லோரும் ஜுமாகுல் வீட்டில் இருப்பார்கள். மாணவர்கள் முப்பத்தொரு பேர். தேநீர் ஊற்ற அங்கேதான் இருப்பார்கள். ஏலிஸ் மேலிடத்தில் இருப்பான். அங்கே இல்லாதவை கரும்பலகையும் பதிவேடும் மட்டும்தான். அவை இரண்டுக்கும் கால் கிடையாது, எனவே கொண்டுபோனால் வரும்.

மம்பெத்திடம் போய், ஆரம்பித்துவைத்தவர் அவர்தான் என்று நினைவுபடுத்தினாள். அவர் கரும்பலகையை வேன் கூரையில் கட்டினார்.

ஜுமாகுலிடம் பேசுவதுதான் கடினமாக இருந்தது. கனிஷாய் வாசலிலேயே நின்று, மூத்தவளை அழைக்கும் முறையில் அழைத்து, அன்றைக்குச் செய்த தப்பைத் தப்பு என்று ஒத்துக்கொண்டாள்.

"எஜே, உங்க விருந்தை நான் நிறுத்த வரல. ஒரு மணி நேரம் அதுக்குள்ளயே பாடம் நடக்கட்டும். இல்லன்னா நான் போக முடியாது."

ஜுமாகுல் குதிரைத் தொத்திறைச்சியைத் திணித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தவில்லை. "பாடம் நடத்துறவன் வாய்ல சோறு இருந்தா எப்படிப் பேசுவான்?" என்று கேட்டாள். ஜுமாகுலே யோசித்து, "பேசி முடிச்சவனுக்குத்தான் கறி" என்றாள்.

வெள்ளிக்கிழமை ஜுமாகுலின் பெரிய கூடாரத்தில் மெத்தை அடுக்கின் மேல் கணினி ஏறியது. திரையில் குட்டை முடியும் கம்பளிச் சட்டையுமாக டூலிக்கி அம்மாள் தோன்றினாள். எதிரே அறுபது பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். கரும்பலகை சமோவாரின் பின்னால் நின்றது. எசென்கான் இரண்டு தடவை தொண்டையைச் செருமி, இன்றைய பாடம் மேய்ச்சல் நிலம் என்று அறிவித்துவிட்டு, அதற்கு மேல் என்ன சொல்வதென்று தெரியாமல் ஷாம்ஷியைப் பார்த்தார். ஷாம்ஷி தட்டைப் பார்த்தார். தட்டு காலியாக இருந்தது, பேசினால்தான் நிரம்பும்.

அவர் ஒரு துண்டு கொழுப்பை விளக்குக்கு நேரே பிடித்தார். இந்த மஞ்சளைப் பாருங்கள், இது கிழக்குச் சரிவில் மேய்ந்த குதிரை என்றார். வளர்த்தவள் சும்மா இருப்பாளா? தன் குதிரை கிழக்குச் சரிவை எட்டிக்கூடப் பார்த்ததில்லை, ஏரிக்கரையில்தான் மேய்ந்தது என்றாள் ஜுமாகுல். மம்பெத் ஒரு வாய் தின்றுபார்த்துவிட்டு, சரிவுப் புல்லின் கசப்பு தெரிகிறது, ஆகஸ்டில் கொஞ்ச நாள் சரிவுக்குப் போயிருக்கிறது என்றார். ஷாம்ஷி பலகையில் சரிவை வரைந்தார், புல் வகைகளை எழுதினார். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடவில்லை. விருந்தில் குறுக்கிடுவது வழக்கமில்லை. இடமிருந்து வலமாக ஒவ்வொருவராகப் பேசி, பேசியவர் தட்டில் கறி விழுந்தது.

முறை சுற்றிக்கொண்டு ஏலிஸிடம் வந்தது. அவனுக்கும் பேசாமல் கறி கிடையாது. அவன் எச்சிலை விழுங்கிக்கொண்டான்.

"எங்க மாமாகிட்ட கலைமான் மந்தை இருக்கு. பாசி இருக்கிற ஒரே எடத்துல திரும்பத் திரும்ப விட்டாரு. பாசி போச்சு. முப்பது வருஷமா திரும்பி வரல. உங்க கிழக்குச் சரிவுல புல் திரும்பி வருதா?"

கிழக்குச் சரிவில் புல் மெலிந்துவருவது அங்கே எல்லோருக்கும் தெரியும். யார் மந்தையால் என்று பேச ஆரம்பித்தால் சண்டை வரும் என்று பத்து வருடமாக யாரும் அதைப் பேசியதில்லை. வெளியூர்க்காரன் கேட்டுவிட்டான், விருந்தாளி கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் என்பது ஒன்பது மணி நேரமாயிற்று. முதல்வரின் தம்பியுடைய எழுபது குதிரைகள் அங்கே மேய்வது வெளியே வந்தது. வரிசை போட்டு மேய்ப்பது எப்படி என்று ஷாம்ஷி பலகையை மூன்று தடவை அழித்து எழுதினார். மாணவர்கள், கல்லூரி திறந்ததிலிருந்து முதல் தடவையாக, எழுதிக்கொள்ளக் காகிதம் கேட்டார்கள். டூலிக்கி அம்மாள் திரையிலேயே மதியச் சாப்பாட்டை முடித்தாள்.

கடைசியில் அவள் ஒன்று கேட்டாள்: எல்லோரும் ஏன் சாப்பிடுகிறார்கள்?

"செய்முறை வகுப்பு," என்றார் எசென்கான்.

தினமும் எத்தனை மணி நேரம் என்று கேட்டாள். ஒன்பது என்றார் அவர். அது மட்டும் முழு உண்மை. அன்றையும் சேர்த்து அக்டோபரில் ஐந்து நாள் பாக்கி; ஐந்து ஒன்பது நாற்பத்தைந்து. பழைய இருபத்தைந்து நாளையும் சேர்த்து எழுதிவிடலாம் என்று எசென்கான் கனிஷாயின் காதில் சொன்னார். பாடம் நடக்காத நாளுக்கு எழுத மாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டு, இருபத்தாறாம் கட்டத்தில் அன்றைய தேதியைப் போட்டாள். அடுத்த நான்கு நாளும் கரும்பலகை, பட்டியல்படி, வேன் கூரையில் வீடு வீடாகப் போயிற்று.

டூலிக்கி அம்மாளின் கண்ணில் இன்னொன்றும் பட்டிருந்தது. வீட்டுக்கார அம்மாள் ஏலிஸுக்கு மட்டும் கோப்பை வழிய வழிய ஊற்றுகிறாளே, தனி மரியாதையா என்று கேட்டிருந்தாள். அந்த ஐந்து கோப்பைக்குப் பிறகு, அப்படித்தான் வேண்டும் என்று ஏலிஸ் பிடிவாதம் பிடித்தான். ஜுமாகுல் முகத்தை அந்தப்பக்கம் திருப்பிக்கொண்டு, விஷம் ஊற்றுகிறவள் மாதிரி ஊற்றிக்கொண்டிருந்தாள். ஆமாம், தனி மரியாதைதான் என்று கனிஷாய் மொழிபெயர்த்தாள்.

ஜனவரியில் அவள் விமானம் ஏறினாள். ஜுமாகுல் அவள் பையில் குதிரைத் தொத்திறைச்சி ஒன்றைத் திணித்து, போற வீட்டில் கையை அடக்கி வைத்துக்கொள் என்று சொல்லி அனுப்பினாள்.

பின்லாந்தில் முதல் நாள் காலை, டூலிக்கி அம்மாளின் அறையில் கனிஷாய் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே பகல் பத்து மணிக்கும் இருட்டு. கண்ணாடிக் கூடாரங்களில் ஊதா விளக்குகளின் கீழே புல் பச்சைப்பசேலென்று நின்றது. அவள் ஆறு வருடமாகக் காத்திருந்த புல். டூலிக்கி அம்மாள் ஒரு பெரிய கோப்பையை அவள் முன்னால் வைத்து, காப்பியை ஊற்றினாள். அரை வந்தது. முக்கால் வந்தது. அம்மாள் நிறுத்தவில்லை. விளிம்பு வரை ஊற்றிவிட்டு, புன்னகையோடு கனிஷாயைப் பார்த்தாள்.

கனிஷாயின் புத்திக்கு எல்லாம் தெரியும். ஆனால் கால்களுக்குத் தெரியவில்லை. அவை அவளைக் கேட்காமலே எழுந்து நின்றன. கை கோட்டை எடுத்தது. கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. வந்த முதல் நாளே, அரை மணி நேரத்தில், ஒரு வார்த்தை பேசாமல், போ என்று சொல்லிவிட்டார்களே.

டூலிக்கி அம்மாள் ஒன்றும் புரியாமல் காப்பிக் குடுவையும் கையுமாக நின்றாள்.

அப்போது கனிஷாய்க்கு ஏலிஸின் முகம் நினைவுக்கு வந்தது. இரண்டு கையிலும் கோப்பையை ஏந்திக்கொண்டு கண்ணை மூடிய அந்த முகம். காலையில்தான் எழுதியிருந்தான்: பட்டியல் ஒரு முறை முடிந்து, இரண்டாம் சுற்றில் நாற்பதாவது வீட்டில் இருக்கிறானாம், இதுவரை ஒருவரும் அவனை எதற்கு வந்தாய் என்று கேட்கவில்லையாம்.

அவள் கோட்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கோப்பையை இரண்டு கையாலும் எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள். நாக்குச் சுட்டது. காலிக் கோப்பையை நீட்டினாள்.